48-லேயே நிற்கும் டாக்: வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை, கேள்வி–பதில்

வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்ல தரத்தில் பாட்டுக் கேட்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒன்றுபோல இருந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஒரு யுஎஸ்பி டாக் (கம்ப்யூட்டர் அனுப்பும் எண்களை ஒலியாக மாற்றும் கருவி) மாட்டியிருக்கிறேன். ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய) கோப்புகளைத்தான் கேட்கிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டோ 96 பாட்டோ, எதைப் போட்டாலும் டாக்கின் திரையில் 48 என்றே காட்டுகிறது. டாக் பழுதா? (வாசகர், கோயம்புத்தூர்)

டாக்கில் குறையில்லை. பாட்டு அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே விண்டோஸ் அதை மாற்றிவிடுகிறது.

ஒரே நேரத்தில் பாட்டும் ஓடும், யூடியூபும் ஓடும், நடுவில் வாட்ஸப் மணியும் அடிக்கும். எல்லாவற்றையும் கலந்து ஒரே வாய்க்காலில் விட வேண்டுமென்றால் எல்லாம் ஒரே சாம்பிள் ரேட்டில் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை மாதிரிகள் என்ற எண்ணிக்கை) இருந்தாக வேண்டும். எனவே விண்டோஸ் ஓர் எண்ணை நிலையாக வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது 48 கிலோஹெர்ட்ஸ். சிடியிலிருந்து எடுத்த 44.1 பாட்டும், 96-ல் வாங்கிய பாட்டும் அங்கே 48-ஆக மாறித்தான் வெளியே வரும். இந்த மாற்றத்தால் வரும் இழப்பு சிறியதுதான். பலருக்குக் காதில் பிடிபடாது. ஆனால் அதே வழியில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று, உச்ச அளவைத் தொடும் ஒலியை அமுக்கும் லிமிட்டர். இன்றைய சினிமாப் பாடல்கள் பல, உச்சத்தை ஒட்டியே பதிவாவதால் இதற்கு வேலை அதிகம். மற்றொன்று, லேப்டாப் கம்பெனிகள் சேர்த்து அனுப்பும் 'என்ஹான்ஸ்மென்ட்' மென்பொருள். பாஸைக் கூட்டும், சரவுண்ட் போலக் காட்டும், சத்தத்தை ஏற்றி இறக்கும். இதுதான் காதுக்கு உடனே தெரியும் கெடுதல்.

செய்ய வேண்டியது இது. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் டாக்கின் பெயரைச் சொடுக்குங்கள். அங்கே ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை 'ஆஃப்' செய்யுங்கள். ஸ்பேஷியல் சவுண்டையும் அணையுங்கள். பிறகு பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, டாக்கின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'எக்ஸ்க்ளூசிவ் கன்ட்ரோல்' பற்றிய இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபூபார்2000 போன்ற ஒரு ப்ளேயரை நிறுவி, ப்ரிஃபரன்ஸஸில் அவுட்புட் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் டாக்கின் பெயர் இரண்டு முறை இருக்கும். 'எக்ஸ்க்ளூசிவ்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிட் அளவை (ஒவ்வொரு மாதிரியையும் எழுதும் எண்ணின் நீளம்) 24 என்று வையுங்கள். பாட்டு ஓடாமல், ஆதரிக்கப்படாத வடிவம் என்று பிழை வந்தால் 32 அல்லது 16 வைத்துப் பாருங்கள். சில டாக்குகள் 24 பிட்டை 32 பிட் பொட்டலத்தில்தான் வாங்கும்.

இப்போது 44.1 பாட்டைப் போட்டால் திரையில் 44.1 வர வேண்டும். பாட்டு ஓடும்போது யூடியூபில் சத்தம் வராது. அது பழுதல்ல, டாக் முழுவதும் ப்ளேயரின் கைக்குப் போய்விட்டது என்பதற்கு அடையாளம். மாறாக, 'சாதனம் வேறு செயலியின் பயன்பாட்டில் உள்ளது' என்று ப்ளேயர் சொன்னால், வேறு ஏதோ ஒரு செயலி டாக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை மூடுங்கள்.

பிரவுசர் வழியாகக் கேட்பவர்களுக்கு இந்த நேர்வழி கிடைக்காது. யூடியூபின் ஒலி பெரும்பாலும் 48-ல் வருவதால், அதையே அதிகம் கேட்பவர்கள் விண்டோஸின் எண்ணை 48-லேயே விட்டுவிடலாம். 192 என்று உயர்த்தி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று: உங்களிடம் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தால், 96-க்கு மேலான டாக்குகளுக்குத் தயாரிப்பாளரின் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கட்டாயம். யுஎஸ்பி ஆடியோவின் இரண்டாம் வகுப்பை (96-க்கு மேலான ரேட்டுகளுக்குத் தேவையான விதிமுறை) விண்டோஸ் தானாகப் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான்.

கேள்வி: பாட்டு நடுவே 'டிக்', 'டக்' என்று சத்தம். சில சமயம் அரை நொடி அறுந்து போகிறது. ரேமை 8-லிருந்து 16 ஜிபி ஆக்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா? (வாசகர், சேலம்)

வேண்டாம், அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். சிடி தரப் பாட்டுக்கு நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். யுஎஸ்பி 2.0-வின் கொள்ளளவு நொடிக்கு 48 கோடி பிட். பத்து வருடம் பழைய கம்ப்யூட்டரும் இதை அநாயாசமாகச் செய்யும். சிக்கல் வேகத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றின் டிரைவர்கள் சில வேளை ப்ராசஸரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில மில்லிநொடிகளில் ஒலிக்கு முறை வராமல் போனால் டாக்குக்குத் தீனி தீர்ந்துவிடும். அதுதான் அந்த 'டிக்'.

கண்டுபிடிக்க, லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பத்து நிமிடம் பாட்டுக் கேளுங்கள். எந்த டிரைவர் அதிக நேரம் எடுத்தது என்று அதன் டிரைவர்ஸ் பக்கத்தில் பெயரோடு காட்டும். வைஃபை டிரைவரின் பெயர் மேலே வந்தால், வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி பத்து நிமிடம் கேளுங்கள். சத்தம் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போடுங்கள். புதியதில்தான் தொல்லை தொடங்கியது என்றால் பழையதற்குத் திரும்புங்கள். கம்ப்யூட்டரின் பயாஸ் (அதைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் சில லேப்டாப்புகளில் இதைத் தீர்த்திருக்கிறது.

டிரைவரைத் தொடாமலே பலருக்குக் குணமாகும் வழி ஒன்று உண்டு: ப்ளேயரின் பஃபரை (முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஒலியின் அளவை) கூட்டுவது. பாட்டுப் பதிவு செய்பவருக்குத்தான் பஃபர் குறைவாக இருக்க வேண்டும். மைக்கில் பாடியது உடனே ஹெட்ஃபோனில் கேட்டாக வேண்டுமே. கேட்பவருக்கு அந்த அவசரம் இல்லை. ப்ளே பொத்தானை அழுத்தி அரை நொடி கழித்துப் பாட்டு வந்தால் என்ன குறை? 500 முதல் 1000 மில்லிநொடி வரை வையுங்கள். டாக் தயாரிப்பாளரின் டிரைவரில் தனியாக பஃபர் இருந்தால் அதையும் பெரிய அளவுக்கு மாற்றுங்கள்.

இதோடு பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' (சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியை உறங்கவைக்கும் வசதி) என்பதை அணையுங்கள். டாக்கை ஹப் வழியாக இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத்து போர்ட்டில். கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, 1 மீட்டர் போதும். லூசான பிளக், மலிவான நீளக் கேபிள் இரண்டும் இதே 'டிக்'கைத் தரும் என்பதால், லேட்டன்சிமானைத் திறப்பதற்கு முன் ஒருமுறை கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைகிறது. எடுத்தால் நின்றுவிடுகிறது. எர்த் பின்னை வெட்டினால் சரியாகும் என்கிறார் நண்பர். (வாசகி, மதுரை)

வெட்டாதீர்கள். அந்தப் பின்தான் ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறிவிட்டால் உங்கள் கைக்குப் பதில் தரைக்கு அனுப்புவது. இரைச்சலை நிறுத்த உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

நடப்பது இதுதான். லேப்டாப் சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆம்ப்ளிஃபையர் வழியாக இன்னோர் எர்த். இரண்டையும் உங்கள் ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசத்தால் அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். அது பாட்டோடு கலந்து ஸ்பீக்கருக்கு வருகிறது. சார்ஜர் இரண்டு பின் வகையாக இருந்தால் கதை கொஞ்சம் வேறு. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு வருவதால், எர்த் இல்லாத லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் விரலில் 'கிர்ர்' என்று தெரியும். அந்தக் கசிவு ஆடியோ கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு இறங்கப் பார்க்கும்.

முதலில் லேப்டாப், டாக், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். இரண்டு வெவ்வேறு சுவர் பிளக் பாயின்ட்டுகளில் இருந்தவை ஒரே இடத்துக்கு வந்தால் வித்தியாசம் குறையும். பல வீடுகளில் இத்தோடு முடிந்துவிடும். ஆம்ப்ளிஃபையரோடு டிவியும் இணைந்திருந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதன் உறையும் எங்கோ தெருவில் எர்த் ஆகியிருக்கும். அதன்பிறகும் இரைந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்று துளை இருக்கிறது என்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் வளையத்தை நடுவில் அறுக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரிலும் டாக்கிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதுதான் சுத்தமான வழி. ஒளிக்கு எர்த் கிடையாது. 96 கிலோஹெர்ட்ஸ் வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் போகும். 192 எல்லாக் கருவியிலும் ஓடாது. அடுத்தது யுஎஸ்பி ஐசொலேட்டர்: கம்ப்யூட்டருக்கும் டாக்குக்கும் நடுவே மின்தொடர்பை அறுத்து, தரவை மட்டும் விடும் கருவி. வாங்கும்போது வேகத்தைக் கேளுங்கள். மலிவானவை 12 மெகாபிட் வகை. அவற்றில் 96-க்கு மேல் கேட்கும் டாக்குகள் ஓடாது, சில டாக்குகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே செய்யாது. 480 மெகாபிட் வகை விலை கூடியது. ஆடியோ கேபிளில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைசி வழி. அதற்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். மலிவானதாக இருந்தால் மிருதங்கத்தின் தொப்பி ஓசையும் தவிலின் அடியும் சப்பையாகிவிடும்.

மௌஸை நகர்த்தும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ 'ஸீஸீ' என்று கேட்டால் அது வேறு நோய். டெஸ்க்டாப்பின் முன்பக்க ஹெட்ஃபோன் துளைக்குப் போகும் ஒயர், கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகிறது. பின்பக்கத் துளைக்கு மாறுங்கள், அல்லது யுஎஸ்பி டாக்குக்கே போய்விடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப்ளிஃபையர் உறுமுகிறதே? (வாசகர், விருதுநகர்)

உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதன் அலை வளைவாக இல்லாமல் கட்டம் கட்டமாக வருவதால் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரே அதிரும். ஸ்பீக்கரிலும் இரைச்சல் வரும். இன்வெர்ட்டரை மாற்றும் காலம் வரும்போது ப்யூர் சைன் வேவ் வகையாக வாங்குங்கள். அதுவரை கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப் பேட்டரியில் டாக்கும் ஹெட்ஃபோனுமாகக் கேளுங்கள். சொல்லப்போனால் மின்வெட்டு நேரத்தில்தான் வீடே அமைதியாக இருக்கிறது!

கேள்வி: எஸ்எஸ்டியில் வைத்தால் ஹார்ட் டிஸ்கைவிட நன்றாக ஒலிக்குமா? விலையுயர்ந்த யுஎஸ்பி கேபிள்? (வாசகர், சென்னை)

எஸ்எஸ்டி சத்தம் போடாது. அந்த அளவில் மட்டும் லாபம். பாட்டின் எண்கள் இரண்டிலும் ஒன்றேதான். கேபிளுக்கும் அதே பதில். இன்றைய டாக்குகளில் பெரும்பாலானவை அசிங்க்ரனஸ் வகை: நேரம் காட்டும் கடிகாரம் டாக்குக்குள் இருக்கிறது, அது கேட்டபோது தரவைக் கொடுப்பதோடு கம்ப்யூட்டரின் வேலை முடிந்தது. அந்தப் பணத்தில் ஸ்பீக்கரை மேம்படுத்துங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரின் மின்விசிறியைச் சுத்தம் செய்து மேசைக்குக் கீழே தள்ளி வையுங்கள். அறையின் இரைச்சலில் மூழ்கும் மெல்லிய தம்புரா ஒலியை எந்தக் கேபிளாலும் மீட்க முடியாது.

கேள்வி: வீட்டில் 200 சிடிக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த வடிவம், எவ்வளவு இடம்? (வாசகி, காரைக்குடி)

ஃப்ளாக். 60 நிமிட சிடி 635 எம்பி அளவு. ஃப்ளாக்கில் அது சுமார் 350-க்கு இறங்கும், ஒரு பிட்கூட இழக்காமல். 200 சிடிக்கு 70 ஜிபி என்று வையுங்கள். அதைப்போல இன்னொரு பிரதியை வேறு டிஸ்கில் வைக்கும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை அமுக்க அளவு கேட்கும். ஒலியில் மாற்றம் இல்லை, கோப்பின் அளவும் எடுக்கும் நேரமும்தான் மாறும். 5 போதும்.

எடுக்கும் மென்பொருள் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. அதில் செக்யூர் மோடைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பகுதியையும் திரும்பப் படித்து ஒப்பிடும். அக்யூரேட்ரிப் வசதியையும் இயக்குங்கள். அதே சிடியை உலகில் வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்களுடைய முடிவோடு உங்களுடையது ஒத்துப்போகிறதா என்று சொல்லும். நம் ஊர்த் தொகுப்பு சிடிக்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. அப்போது 'டெஸ்ட் அண்ட் காப்பி' போடுங்கள். ஒரே பாட்டை இரண்டு முறை படித்து இரண்டு சரிபார்ப்பு எண்ணும் ஒன்றானால் நம்பலாம். ஒத்துவராத சிடியை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும். அதைத் திருத்துவது ட்ரைவுக்குக் கடினம்.

80-களில் வந்த சிடிக்களில் சிலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற ஏற்பாடு உண்டு. உயர்ந்த சுரங்களைக் கூட்டிப் பதிந்து, ப்ளேயரில் குறைத்துக் கேட்கும் முறை. சிடி ப்ளேயர் அதைத் தானாகச் செய்யும். கம்ப்யூட்டரில் ஏற்றிய கோப்பில் அந்தக் குறைப்பு நடக்காது. ஏற்றிய பாட்டில் வயலினும் தாளமும் காதைக் குத்தும்படி கூர்மையாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். சாக்ஸ் என்ற மென்பொருளில் இதற்கென்றே 'டீஎம்ஃப்' என்ற வசதி இருக்கிறது.

கேள்வி: பாட்டுக் கோப்புகளுக்குத் தமிழில் நீளமாகப் பெயர் வைத்திருக்கிறேன். ராஸ்பெரி பைக்கு (லினக்ஸில் ஓடும் குட்டிக் கம்ப்யூட்டர்) மாற்றும்போது சில கோப்புகள் மட்டும் போக மறுக்கின்றன. (வாசகர், யாழ்ப்பாணம்)

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'க' என்றால் 3, 'கி' என்றால் எழுத்தும் கொக்கியுமாக 6, 'க்ஷி' என்றால் 12. ஆக 85 குறிகளுக்கு மேல் போக முடியாது. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணுவதால் அங்கே அந்தப் பெயர் இடம்பிடித்தது. படம், பாடகர்கள், இசையமைப்பாளர், ராகம் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே திணிக்காமல், பாட்டின் முதல் அடியை மட்டும் பெயராக வைத்து, மற்றதை டேகுக்குள் (கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) எழுதுங்கள். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் மொத்தமாக மாற்றித் தரும்.

ஃப்ளாக்கின் டேக் யுடிஎஃப்-8தான் என்பதால் தமிழ் கெடாது. பழைய எம்பி3-க்களில் தமிழ் குப்பை எழுத்தாகத் தெரிந்தால், அவை யுனிகோடுக்கு முந்திய திஸ்கி போன்ற குறியாக்கத்தில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி மறுபடி எழுத வேண்டும்.

ராஸ்பெரி பையில் பைப்வயர் (லினக்ஸில் ஒலிகளைக் கலந்து அனுப்பும் மென்பொருள்) ஓடினால் அதுவும் விண்டோஸைப் போல எல்லாவற்றையும் 48-க்குத் திருப்பும். அதன் அமைப்புக் கோப்பில் 'அலவ்ட் ரேட்ஸ்' என்ற வரியில் 44100, 48000, 88200, 96000 என்று சேர்த்தால் பாட்டுக்கேற்ப மாறும். மேக் வைத்திருப்பவர்கள் ஆடியோ மிடி செட்டப்பில் கையால் மாற்ற வேண்டும்.

கேள்வி: ஒலியளவை எங்கே குறைப்பது, கம்ப்யூட்டரிலா ஆம்ப்ளிஃபையரிலா? (வாசகர், திருச்சி)

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்பும் ஒரு பிட்டைத் தின்னும். பயப்பட வேண்டாம். 16 பிட் பாட்டு 24 பிட் டாக்குக்குப் போகும்போது கீழே 8 பிட் காலியாக இருக்கிறது. 48 டெசிபல் வரை குறைத்தாலும் பாட்டின் பிட் எதுவும் போகாது. ப்ளேயரில் 3 அல்லது 4 டெசிபல் குறைத்தே வைப்பது நல்லது. உச்சத்தில் பதிவான பாடல்களில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே எழும் அலை உச்சத்தைத் தாண்டும். அதற்கு டாக்குக்குள் இடம் வேண்டும். மிச்சத்தை ஆம்ப்ளிஃபையரில் குறையுங்கள்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கும்போது மீட்டிங் திறந்தால் ஒலி டெலிஃபோன் மாதிரி ஆகிவிடுகிறது. (வாசகி, பெங்களூரு)

ஹெட்ஃபோனின் மைக் இயங்கியதும் ப்ளூடூத் பேச்சுக்கான முறைக்கு மாறுகிறது. ஒலி ஒற்றைச் சேனலாகச் சுருங்கிவிடும். மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பிட் மாறாமல்தான் போகிறது என்று எப்படி உறுதி செய்வது? திரையில் 44.1 வந்தால் போதாதா? (வாசகர், புதுச்சேரி)

போதாது. ரேட் சரியாக இருந்தும் ஏதோ ஒரு சமனாக்கி (ஈக்வலைசர்) நடுவில் எண்களை மாற்றிக்கொண்டிருக்கலாம். வீட்டில் ஆப்டிகல் உள்ளீடும் டிடிஎஸ் (சரவுண்ட் ஒலியைச் சுருக்கிப் பதியும் முறை) வசதியும் கொண்ட ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால் ஒரு சோதனை உண்டு. டிடிஎஸ் சிடியிலிருந்து எடுத்த கோப்பு, பார்வைக்குச் சாதாரண 44.1 கோப்புதான். கம்ப்யூட்டரிலிருந்து ஆப்டிகல் வழியாக அதை ரிசீவருக்கு அனுப்புங்கள். எண்கள் அப்படியே போனால் ரிசீவரில் டிடிஎஸ் விளக்கு எரிந்து பாட்டு வரும். நடுவில் யாராவது கை வைத்திருந்தால் 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல்தான் வரும். இந்தச் சோதனையின்போது ப்ளேயரில் ஒலியளவு முழுதாக இருக்க வேண்டும், ரீப்ளேகெயின் (பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி) அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே எண்ணை மாற்றியவராவீர்கள். ரிசீவரின் ஒலியளவை மட்டும் நன்றாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த இரைச்சல் முழு பலத்தோடு வரும், ட்வீட்டர் (உயர்ந்த சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) தாங்காது.